வீட்டுக்குள் செடி வளர்க்க: நெல்லைச் சீமையில் புதிதாகத் தொடங்குகிறவர்களின் கேள்விகள்

வீட்டுச் செடிகளைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பனிக்காலத்தில் செடி உறங்கும், தெற்கு ஜன்னலில்தான் வெயில் அதிகம், இலைமேல் அடிக்கடி நீர் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் அவை சொல்லும். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ இருப்பவருக்கு இவற்றில் பாதி பொருந்தாது. மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை வெக்கை, ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று நம் பருவங்கள் வேறு. தண்ணீரும் மண்ணும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. முதல் செடி பட்டுப்போனதும் ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று ஒதுங்கிவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். வேரில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் யார் வீட்டிலும் செடி நிற்கும். அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதன்முதலாக எந்தச் செடியை வாங்கலாம்?

பாம்புச் செடி, மணி பிளான்ட், இசட்இசட் செடி ஆகிய மூன்றில் ஒன்று. பாம்புச் செடிக்கு நம் ஊரிலேயே நெருங்கிய சொந்தம் உண்டு. வேலியோரங்களில் தானாக வளரும் மருள் அதே இனம்தான். இரண்டுமே தடித்த இலையிலும் தரைக்கடியில் ஓடும் கிழங்கிலும் நீரைச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. இசட்இசட் செடி கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. அதைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் அடியில் சிறு உருளைக்கிழங்கு போன்ற உருண்டைகள் இருக்கும். இரண்டு மூன்று வாரம் நீங்கள் மறந்துவிட்டாலும் அந்தக் கிழங்கு செடியைக் காப்பாற்றும். மணி பிளான்டுக்கு இவ்வளவு சேமிப்பு இல்லை. ஆனால் கிள்ளி வைத்த இடத்தில் வேர்விடும் குணம் அதற்கு இருக்கிறது.

நமக்குப் பழக்கமான ஒன்றுதான் வேண்டும் என்றால் வெற்றிலைக் கொடி வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை தாமிரபரணிப் பாசனத்தில் விளைவதுதான். கொடிக்கால் என்பதே நிழலும் ஈரமும் உள்ள இடம் என்பதால், நேர் வெயில் படாத தார்சாவில் (வீட்டின் முன்கூடத்தில்) ஒரு குச்சியைப் பற்றிக்கொண்டு வெற்றிலை நன்றாக ஏறும். மற்றச் செடிகளை விட அதற்குத் தண்ணீர் சற்று அதிகம் தேவை.

தொடக்கத்திலேயே ஆந்தூரியம், கலாத்தியா, பெரணி வகைகள் வேண்டாம். நர்சரியில் எதை எடுத்தாலும் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் கணு இடுக்கையும் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால், செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் செடிக்குப் போதுமான வெளிச்சம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செடி வைக்க நினைக்கும் இடத்தில் நடுப்பகலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். நிழல் மங்கலாக, ஆனால் கை என்று அடையாளம் தெரிந்தால் மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாம் வளரும். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் நெடுநாள் நிற்காது. பாம்புச் செடியும் இசட்இசட் செடியும் அந்த இருட்டில் சில மாதம் தாக்குப்பிடிக்கும். ஆனால் தாக்குப்பிடிப்பது வேறு, வளர்வது வேறு.

நெல்லை டவுன் பக்கத்தில் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் வளவு வீடுகளில் இது பெரிய சிக்கல். முன்வாசல் வெளிச்சம் தார்சாவோடு நின்றுவிடும். நடு அறைகள் பகலிலும் விளக்குப் போட வேண்டிய நிலையில் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் செடியை முற்றத்தின் விளிம்பில் வையுங்கள். முற்றம் இல்லாவிட்டால் இரண்டு செடி வாங்கி, ஒன்றை வெளித்திண்ணையிலும் மற்றொன்றை உள்ளேயும் வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றலாம். எனக்குத் தெரிந்த வழிகளில் செலவில்லாத வழி இதுதான்.

இனி, எந்தத் திசை ஜன்னல் என்பது. கிழக்கு ஜன்னல் எல்லாவற்றிலும் சிறந்தது. காலை வெயிலில் இலை கருகுவதில்லை. மேற்கு ஜன்னலில் சித்திரை மாதப் பிற்பகல் வெயில் அடித்தால், தொட்டியே தொட முடியாத சூடாகிவிடும். தெற்கு, வடக்கு விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். நெல்லை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அங்கிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சி வேளையில் அது வடக்கே சாய்ந்து நிற்கிறது. அதனால் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நம் வடக்கு ஜன்னல்களில் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் தெற்கு ஜன்னலில் வெயில் நெடுந்தூரம் உள்ளே வரும். தை மாதத்தில் பொருத்தமாக இருந்த இடம் வைகாசியில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். பெருமாள்புரத்து வீட்டில் சித்திரையில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும் தொட்டி, கார்த்திகையில் பத்து நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மண் உலர்ந்து, விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் ஊற்றலாம். பாம்புச் செடி, இசட்இசட் செடி, கற்றாழை ஆகியவற்றுக்கு அந்த இரண்டு கணுவும் போதாது. தொட்டி முழுவதும் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். பழகியபின் விரல்கூடத் தேவைப்படாது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனத்தை வைத்துத் தெரிந்துவிடும்.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றாதீர்கள். தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் என்பது நம் வீடுகளில் துளசி மாடத்திலிருந்து வந்த பழக்கம். வெயிலில் நிற்கும் துளசிக்கு அது சரி. வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு அதே அளவை ஊற்றினால், மேல்மண் எப்போதும் சதசதவென்று இருக்கும், உப்பு அடியில் தங்கும். அடித்துளை வழியாகத் தண்ணீர் வடியும்வரை முழுதாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பிறகு மண் காயும்வரை தொடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளில் நீர் நிரம்பி நின்றால், வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அது செத்துப்போகும். செத்த வேரில் பூஞ்சைகள் குடியேறும். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் தாகத்தால் சாவதைவிட இப்படி மூச்சுமுட்டிச் சாவதே அதிகம். பாசத்தோடு ஊற்றுகிறவர்களின் செடிகள்தான் முதலில் போகின்றன. அந்தப் பாசத்தை ஊற்றுவதில் காட்டாமல் பார்ப்பதில் காட்டச் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றினால் உடனே அடியில் ஓடிவிடுகிறது. மண் நனையவே இல்லையே?

தென்னை நார்க்கழிவு கலந்த மண் முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டியின் சுவரிலிருந்து விலகிவிடும். தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி ஓடும். ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, அதில் அரை மணி நேரம் தொட்டியை வைத்திருங்கள். மண் அடியிலிருந்து உறிஞ்சி மீண்டும் உப்பிவிடும்.

இலை பழுக்கிறது. தண்ணீர் கூடியதாலா, குறைந்ததாலா?

அடியிலுள்ள ஒரு பழைய இலை மட்டும் பழுத்தால் கவலை வேண்டாம். அது வயதாகி உதிர்வது. ஒரே வாரத்தில் பல இலைகள் பழுத்து, தண்டின் அடியும் மெத்தென்று ஆகியிருந்தால் நீர் கூடிவிட்டது. இலைகள் தொங்கி, விளிம்பு மொறமொறவென்று காய்ந்து, தொட்டி இறகுபோல் கனமற்று இருந்தால் நீர் குறைந்திருக்கிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டிலுமே செடி வாடித் தொங்கும். வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே அது வாடும். அதைப் பார்த்துவிட்டு ‘பாவம், தாகம்’ என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவது கடைசி அடி. வாடிய செடியைக் கண்டால் முதலில் செம்பை எடுக்காதீர்கள், விரலை விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது. தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, தண்டின் அடியைப் பிடித்து மெல்ல உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். நகத்தால் அழுத்தினால் விறைப்பாக எதிர்த்து நிற்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுவிக்கொண்டு கையோடு வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். அப்படிப்பட்ட வேர்களை எல்லாம் சுத்தமான பிளேடால் வெட்டிவிட்டு, மிஞ்சிய வேருக்குத் தக்க சிறிய தொட்டியில், புதிய உலர்ந்த மண்கலவையில் நடுங்கள். இரண்டு நாள் கழித்து லேசாக நீர்விடுங்கள். நல்ல வேர் கொஞ்சமாவது இருந்தால் மணி பிளான்ட் பிழைத்துக்கொள்ளும்.

இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் பெரும்பாலும் தண்ணீரிலுள்ள உப்பு, அல்லது வறண்ட காற்று. கொழுந்து இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

வயலில் எங்கள் வண்டல் மண்ணில் நெல் அப்படிச் செழிக்கிறது. அதே மண்ணைத் தொட்டியில் போட்டால் செடி ஏன் பட்டுப்போகிறது?

வயலில் மண் ஆழமாகக் கிடக்கிறது, நீர் கீழே கீழே இறங்கப் போக்கிடம் இருக்கிறது. ஒரு முழ ஆழத் தொட்டியில் அந்த வசதி இல்லை. வண்டல் நுண்ணிய மண். நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் தொட்டிக்குள் இறுகிப்போகும். அம்பாசமுத்திரம் வயலில் கார் நெல்லும் பிசான நெல்லும் தேங்கிய நீரில் நிற்கப் பிறந்தவை. நெற்பயிர் தன் தண்டு வழியாகவே வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும். மணி பிளான்ட் அப்படியல்ல.

மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் தொட்டிக்கு இன்னும் மோசம். நனைந்தால் களி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பு. வெடிக்கும்போது வேரையும் அறுக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் நேர்மாறானது. நீரையும் சத்தையும் பிடித்துவைக்காது.

நான் சொல்லும் கலவை இது: செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. கருக்கிய உமியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. நெல் அரவை ஆலைகள் நிறைந்த நம் பக்கத்தில் அது எளிதாகக் கிடைக்கிறது. மண்ணை இறுக விடாமல் காற்றோட்டம் தருவதில் கடையில் விலைகொடுத்து வாங்கும் பெர்லைட் என்ற வெண்ணிறச் சிறுமணிகளுக்கு அது குறைந்ததில்லை. பாம்புச் செடிக்கும் கற்றாழைக்கும் உமியை ஒரு முழுப் பங்காகக் கூட்டி, உடைத்த செங்கல் துண்டுகளையும் சேர்க்கலாம்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். அதில் உப்பும், தேநீர் நிறத்தில் இறங்கும் துவர்ப்புச் சாறும் இருக்கும். 5 கிலோ கட்டி ஊறினால் 60, 70 லிட்டர் அளவுக்குப் பெருகும். ஒரு தொட்டிக்காக அதை வாங்காதீர்கள், சிறு கட்டி போதும்.

ஆற்று மணலை நான் எந்தக் கலவையிலும் சேர்ப்பதில்லை. தாமிரபரணியில் மணல் அள்ளுவதைத் தடுக்க 2010-இல் பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு அய்யா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாட வேண்டியிருந்தது. அந்த ஆற்றங்கரைக்காரர்களாகிய நாம் ஒரு பூந்தொட்டிக்காகக்கூட அதில் கைவைக்க வேண்டியதில்லை.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்கிறார்களே?

வடியாது. மண்ணுக்குள் இருக்கும் நீர், ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காமல் அதற்கு மேலேயே தங்கும். விளைவாக ஈரமண் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளையின்மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது. அவ்வளவு போதும். துளையே இல்லாத தொட்டி என்றால் வாங்காதீர்கள்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா?

தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் கை உங்களுடையது என்றால் மண் தொட்டி. அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாகிப் போய்விடுவதால் வேர் அழுகும் அபாயம் குறைவு. மறதிக்காரர் என்றால் பிளாஸ்டிக். காருகுறிச்சிப் பக்கம் போனால், குயவர்கள் செய்யும் மண் தொட்டிகளை நேரிலேயே பார்த்து வாங்கலாம். புதுத் தொட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு மண் நிரப்புங்கள். இல்லையென்றால் முதலில் ஊற்றும் நீரையெல்லாம் தொட்டியே குடித்துவிடும்.

நாங்கள் இராதாபுரம் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. செடி வளர்க்க முடியாதா?

முடியும், ஆனால் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டைவிட நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உப்புநீர் ஊற்ற ஊற்ற, நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் சேரும். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருப்பது அதன் அடையாளம். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாது.

ஐப்பசி மழைநீரை மூடியுள்ள டிரம்மில் பிடித்துவைத்துச் செடிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதால் அது வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்து, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து போகும். உப்பைத் தாங்குவதில் கற்றாழையும் பாம்புச் செடியும் கெட்டி. பீஸ் லில்லியும் ஸ்பைடர் செடியும் உடனே நுனி கருகும்.

ஆடிக் காற்றில் செடிகள் வதங்குகின்றன. மேகமூட்டமாகத்தானே இருக்கிறது?

மேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் இறக்கிவிட்டு, கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வரை சாரல் எட்டும். ஆலங்குளம் தாண்டிக் கிழக்கே வரவர, வறண்ட காற்று மட்டுமே மிஞ்சுகிறது. பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இதே காற்றை நம்பித்தான். அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தைச் சித்திரை வெயிலுக்கு ஈடாக உறிஞ்சும். அந்த இரண்டு மாதமும் மேற்கு ஜன்னலருகே இருக்கும் தொட்டிகளை உள்ளே தள்ளி, நாலைந்து செடிகளைச் சேர்த்து ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றின் இலையிலிருந்து வெளியேறும் ஈரம் அடுத்ததற்கு உதவும். இலைமேல் நீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரப்பதம் சில நிமிடங்களில் போய்விடும். அதற்குச் செலவிடும் நேரத்தில் ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைத்தாலே பயன் உண்டு.

கார்த்திகை மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். காற்றில் ஈரம், வானத்தில் இருட்டு, செடி நீரே குடிக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டியதுபோன்ற மழை வந்தால் மொட்டை மாடித் தொட்டிகளைச் சாய்த்துப் படுக்கப் போடுங்கள். வெள்ளநீர் மூழ்கடித்த தொட்டி என்றால், அதில் சாக்கடையும் கலந்திருக்கும். இலைகளைக் கழுவி, மண்ணை முழுவதும் மாற்றிவிடுங்கள். கீரை, ஓமவல்லி போல் பறித்துச் சாப்பிடும் செடி என்றால் அந்தச் செடியையே எடுத்துவிடுவது நல்லது.

குற்றால சீசனில் வாங்கி வந்த செடி, வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் வாடிவிட்டது. ஏமாற்றி விற்கிறார்களா?

விற்றவர் மேல் தவறில்லை. சாரலில் நனைந்துகொண்டே வளர்ந்த செடி, மேலப்பாளையத்து வெக்கைக்குள் திடீரென்று வந்து சேர்கிறது. ஆந்தூரியமும் பெரணியும் அந்த மாற்றத்தைத் தாங்குவதில்லை. வாங்கியே தீர வேண்டும் என்றால் வெளிச்சமுள்ள குளியலறை ஜன்னலில் இரண்டு வாரம் வைத்துப் பழக்குங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள், உரமும் போடாதீர்கள். மற்றச் செடிகளிடமிருந்தும் அந்த இரண்டு வாரம் தள்ளியே இருக்கட்டும். பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். கொசு வருமா?

வரும். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட சுத்தமான சிறு தேக்கத்தைத் தேடித்தான் முட்டையிடுகிறது. முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளுக்கும் இது பொருந்தும். மழைக்காலத்தில் தட்டுகளை எடுத்து அடுக்கிவைத்துவிடுவதே மேல்.

அரிசி கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் போடலாமா?

உப்புச் சேராத அரிசிக் கழுநீரை அன்றைக்கே, இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை ஊற்றலாம். புளித்ததை ஊற்றினால் வாடையும் சின்னஞ்சிறு ஈக்களும் வரும். பாலும் சர்க்கரையும் கலந்த தேயிலைச் சக்கை எறும்பைக் கூட்டிவரும். முட்டை ஓடு மக்க நெடுநாள் ஆகும். இவை எல்லாவற்றையும்விட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணோடு கிளறிவிடுவது எளிது. பஞ்சகவ்யம் கிடைத்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. கலந்து ஊற்றுங்கள். உள்ளறையில் அதன் வாடை தங்கும் என்பதால் திண்ணையில் வைத்து ஊற்றிவிட்டு மறுநாள் உள்ளே எடுக்கலாம். கத்திரி வெயிலிலும், செடி நோயுற்றிருக்கும்போதும் எந்த உரமும் வேண்டாம்.

கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கிறது. எப்படிப் போக்குவது?

அது மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான பிசுபிசுப்பை வெளியேற்றும். அந்த இனிப்புக்காக எறும்புகள் வந்து, பூச்சியை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டுபோய் விடும். தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசை தெரிந்தால் முதலில் இலையடியைத் தேடுங்கள்.

பாதித்த தொட்டியை உடனே தனியே எடுத்துவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு கணு இடுக்கிலும் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., சில துளி திரவ சோப்பு சேர்த்து, எண்ணெய் பிரியாதபடி குலுக்கிக்கொண்டே மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளை ஒரே தெளிப்பில் பிடிக்க முடியாது. பாதியில் விட்டவர்கள் வீட்டில்தான் அது திரும்பி வருகிறது.

இலைக்கடியில் மெல்லிய நூலாம்படையும் இலையில் ஊசிமுனைப் புள்ளிகளும் தெரிந்தால் அது செம்பேன். வெக்கைக் காலத்தில் வரும். குழாயடியில் பிடித்து இலையின் இரு பக்கமும் வேகமாகக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும்.

இரவில் செடி நச்சுக்காற்றை விடும், படுக்கையறையில் வைக்கக் கூடாது என்று ஆச்சி சொல்கிறார். காற்றைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் சிறு உண்மை உண்டு, அளவுதான் தவறு. செடி இரவில் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுவது உண்மை. ஆனால் ஒரு தொட்டிச் செடி விடுவது, அதே அறையில் உறங்கும் ஒரு மனிதர் விடுவதற்கு முன்னால் மிகச் சொற்பம். பயமில்லாமல் வைக்கலாம்.

காற்றைச் சுத்தம் செய்வது பற்றிய பேச்சு, 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதில் செடிகளை மூடிய சிறு பெட்டிகளுக்குள் வைத்துச் சோதித்தார்கள். ஜன்னலும் கதவும் திறந்திருக்கும் வீடு அப்படியல்ல. இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடியைக் கண்ணுக்காகவும் மனத்துக்காகவும் வையுங்கள், அதுவே பெரிய லாபம்.

தவழும் குழந்தை இருக்கிறது. எதை வைக்கக் கூடாது?

டிஃபன்பாக்கியா வேண்டாம். அதன் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. மென்றால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, சிங்கோனியம், இசட்இசட் செடி ஆகியவற்றிலும் இவை உண்டு. அவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்கலாம். பூனை வளர்க்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். குழந்தை மென்றுவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவுங்கள். வீக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அரளி இதயத்தையே தாக்கும் நஞ்சு. அதைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவரும் பேச்சே கூடாது.

ஸ்பைடர் செடி, ஓமவல்லி, வெற்றிலை ஆகியவை குழந்தையுள்ள வீட்டுக்கு ஏற்றவை.

துளசியை வீட்டுக்குள் வைக்கலாமா?

நாலைந்து மணி நேரம் நேர் வெயில் படும் இடம் உள்ளே இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் அது முற்றத்துக்கும் வாசலுக்கும் உரிய செடி. கதிர்விடும்போது கிள்ளிக்கொண்டே இருந்தால் நெடுநாள் தழைக்கும்.

மணி பிளான்டைக் கேட்காமல் கிள்ளி வந்து வைத்தால்தான் வளருமாமே?

கேட்டு வாங்கினாலும் வளரும். கிள்ளும் இடம்தான் முக்கியம். தண்டில் இலை பிரியும் கணுவை உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் சிறு மொட்டாக ஒரு வேர்முனை துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். சில நாட்களில் அந்த மொட்டு வெண்மையாக நீளத் தொடங்கும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். கணு இல்லாமல் இலையை மட்டும் கிள்ளி வைத்தால் எத்தனை நாளானாலும் புதுக் கொடி வராது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் போய்த் தங்குவோம். வீட்டில் யாரும் இல்லை. செடிகளை என்ன செய்வது?

புறப்படும் நாள் காலையில் முழுதாக நீர்விட்டு, வடிந்தபின் எல்லாத் தொட்டிகளையும் ஜன்னலிலிருந்து தள்ளி ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் நீர்ச்செலவும் குறையும். ஒரு வாரம் வரை பெரும்பாலான செடிகளுக்கு இதுவே போதும். வெற்றிலைக்கும் பீஸ் லில்லிக்கும் மட்டும் திரி வையுங்கள். தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனையை மண்ணுக்குள் நாலு விரல் ஆழம் புதைத்து, மறுமுனையைத் தொட்டியைவிட உயரத்தில் வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தில் போட வேண்டும். பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள், கொசு வராது. இரண்டு நாள் முன்பே வைத்துப் பார்த்து, தண்ணீர் இறங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செடி பட்டுப்போய்விட்டது. அந்த மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

எதனால் பட்டது என்பதைப் பொறுத்தது. தண்ணீரில்லாமல் காய்ந்த செடி என்றால் வேர்களைப் பொறுக்கிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புதிய மண்புழு உரம் சேர்த்து அப்படியே நடலாம். வேர் அழுகியோ மாவுப்பூச்சி வந்தோ செத்திருந்தால், மண்ணை ஈரமாக்கி, கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி, மொட்டை மாடியில் சித்திரை, வைகாசி வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் போட்டுவையுங்கள். அந்தச் சூட்டில் பூஞ்சையும் பூச்சி முட்டையும் பெரும்பாலும் அழிந்துவிடும். மழைக்காலத்தில் செடி செத்திருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அந்த மண்ணை வாசலில் நிற்கும் மரத்தடியில் கொட்டிவிட்டுப் புதுக்கலவை போடுங்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த செடியை நட வேண்டும்.